வைக்கட்டே?

நகுலேஸ்வரனுக்கு வேலையே அலுவலகங்களுக்கு இன்ரநெற் வயர் இழுப்பதுதான். பத்தொன்பது வருடமாக இழுக்கிறார். மொன்றியலை அடுத்த லொங்குய்யில் மெட்ரோவை விட்டு வெளியே வந்து நாலு பக்கமும் பார்த்தால், கண்ணில் படுகிற கட்டடங்களில் பாதிக்கு அவர் இழுத்த நீல வயர்தான் கூரைக்குள் ஓடுகிறது. அப்படிப்பட்ட மனிதர், மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் தான் குடியிருக்கும் வீட்டில் பின்னறைக் கொம்பியூட்டருக்கு ஒரு வயர் இழுக்க நேரமில்லை என்று ஒரு வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுத்தப் பொய். அரைப் பெட்டி வயர் வீட்டு அலுமாரிக்குள்ளேயே கிடந்தது.

“பேந்து பார்ப்பம்” என்பார். அவருடைய பேந்துக்குத் திகதி கிடையாது.

வைஃபை பெட்டி இருந்தது வாசலடியில், சப்பாத்துத் தட்டுக்கு மேலே. கொம்பியூட்டர் இருந்தது நீள நடையின் மறு அந்தத்தில், பின்னறையில். இடையில் பழங்காலத்துத் தடித்த சுவர் மூன்று, இரும்பு ஹீற்றர் இரண்டு, குசினிக்குள் ஆளுயரப் பிரிட்ஜ் ஒன்று. இத்தனையையும் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் வைஃபைக்கு மூச்சு வாங்கும். படம் அப்படியே நின்றுவிடும், குரல் விக்கி விக்கி வரும். “சுவர் வைஃபையைத் தின்னும், வயர்தான் நம்பிக்கை” என்று லொங்குய்யில் வாய் வலிக்கச் சொல்கிறவரும் இதே நகுலேஸ்வரன்தான்.

ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை மகள் அனோஜினி சாப்பாட்டு மேசையில் விசயத்தை எடுத்தாள். காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் புது வேலை, திங்கட்கிழமை தொடக்கம் பின்னறைக் கொம்பியூட்டரில் இருந்தபடியே செய்ய வேண்டும், வைஃபையில் செய்ய விடமாட்டார்கள்.

“லொங்குய்ய் முழுக்க இழுக்கிறீங்கள் அப்பா. எங்கட வீட்டுக்கு மட்டும் ஏலாதா? சே ரிடிக்கூல்! கேலிக்கூத்து!”

“சனிக்கிழமை போட்டுத்தாறன்.”

“எந்தச் சனிக்கிழமை?” என்று குசினிக்குள் இருந்து மனைவி றஞ்சினியின் குரல் வந்தது. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள் கேட்கிற கேள்வி அது.

நேரமில்லை என்பதுதான் பொய். அந்த அறைக்குள் போய் நிற்க அவருக்கு மனமில்லை என்பது உண்மை. அங்கே ஒரு கட்டில் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து மெத்தையின் பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றாத கட்டில்.

அது அவருடைய அக்கா செல்வமலருக்காக வாங்கியது. தாய் போனபோது நகுலேஸ்வரனுக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. அதற்குப் பிறகு அவருக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டதும், பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனதும், பத்தொன்பது வயதில் அவரைக் கனடாவுக்கு அழாமல் வழியனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததும் அக்காதான். கலியாணம் கட்டவில்லை. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வெடுத்து, இப்போது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தனியாக இருக்கிறார். எதையும் ஒரு தரம்தான் கேட்பார். கிடைத்தால் சரி, இல்லையென்றால் அந்தக் கதை அத்தோடு சரி.

மொன்றியலுக்கு வந்த முப்பத்தேழு வருடத்தில் றஞ்சினி பக்கத்து ஆட்கள் முறை வைத்து வந்து போய்விட்டார்கள். மாமி வந்தார், மச்சான்மார் வந்தார்கள், மச்சானின் மச்சான்கூட வந்து ஊர் நடுவிலுள்ள மலையில் ஏறி நின்று படமெடுத்துக்கொண்டு போனார். நகுலேஸ்வரன் பக்கத்தில் ஒரு குருவிகூட வரவில்லை. தன் ஆளென்று ஒருவர் தன் குசினியில் இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும், “பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கிறாய்” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மனிதருக்கு ஆசை அவ்வளவுதான். ஆனால் அந்த ஆசை பெரிது.

போன வருடம் அக்காவுக்கு விசா கிடைத்தது. வைகாசியில் வருவதென்று பேச்சு. தை மாதமே நகுலேஸ்வரன் கட்டில் வாங்கிவிட்டார், ஊதாப்பூப் போட்ட கம்பளி வாங்கினார், தலைமாட்டில் சின்னதாய் ஒரு பிள்ளையார் படம் மாட்டினார். அக்காவிடம் மூச்சு விடவில்லை. வந்து பார்க்கட்டும் என்றிருந்தார். மாசி கடைசியில் அக்காவிடமிருந்து குரல் தகவல் ஒன்று வந்தது. “தம்பி, நான் வரேல்லை. அதுதான் எல்லாருக்கும் நல்லது.” வேறொன்றும் இல்லை.

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரோசம் என்பது யாழ்ப்பாணத்தாரின் குடும்பச் சொத்து, பங்கு பிரிக்காமலே எல்லாருக்கும் முழுதாகக் கிடைக்கும். விருப்பமில்லாவிட்டால் விடட்டும் என்று இவர் முறுக்கிக்கொண்டார். பின்னறைக் கொம்பியூட்டரில் சனிக்கிழமை தவறாமல் எடுத்த அழைப்பு மாதத்துக்கு ஒன்றாகியது, அதையும் கட்டிலுக்கு முதுகைக் காட்டியபடி அவசரமாக முடித்தார். அந்தக் கட்டிலில் அனோஜினி படுக்கட்டும் என்று றஞ்சினி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். “கிடக்கட்டும்” என்றார். அந்த ஒரு சொல்லோடு ஒரு வருடமும் இரண்டு மாதமும் போயிற்று.

சனிக்கிழமை வந்தது. ஆச்சரியம், நகுலேஸ்வரன் காலை ஏழரைக்கே வயர்ப் பெட்டியும் கையுமாக வாசலடியில் குந்தியிருந்தார். சப்பாத்துகளை ஒதுக்கிவிட்டு, வைஃபை பெட்டியின் பின்பக்கத்திலிருந்து சுவரோரப் பலகை வழியே வயரைக் கொண்டுபோனார். முழங்காலில் நகர்ந்து நகர்ந்து சின்ன ஆணிப் பிடிகளை அடித்தார். குசினி வாசலில் யாருடைய காலும் தடுக்காமல் நிலையைச் சுற்றி வளைத்தார். பின்னறைக்கு வந்ததும் மேசைவரை அளந்து, ஒரு சாண்கூட மிச்சம் விடாமல் வெட்டினார். வயர் சுருண்டு கிடந்தால் அவருக்குப் பிடிக்காது. வெட்டிய முனையைச் சீவி, உள்ளே இருக்கும் எட்டு மெல்லிய நிறக் கம்பிகளையும் வரிசை பிசகாமல் நிமிர்த்தி, பிளாஸ்ரிக் தலையில் பூட்டி, குறட்டால் ஒரு நெரி. கண்ணை மூடிக்கொண்டும் செய்வார்.

இனிச் சோதிக்க வேண்டும். அதற்கென்று இரண்டு துண்டாக ஒரு சின்னக் கருவி இருக்கிறது. வயரின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்றைக் கொழுவினால், எட்டுக் கம்பிக்கும் எட்டு விளக்கு ஒன்றன்பின் ஒன்றாக எரியும். ஒன்று எரியாவிட்டாலும் வயர் சரியில்லை. வாசல் பக்கத்துத் துண்டை றஞ்சினியின் கையில் கொடுத்துவிட்டுப் பின்னறையில் இருந்து கத்தினார்.

“எட்டும் எரியுதே?”

“ஓம் ஓம்.”

சொன்ன வேகம் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. எழும்பிப் போய்ப் பார்த்தார். கருவி சப்பாத்துத் தட்டில் கிடந்தது, றஞ்சினி அடுப்படியில் வெங்காயம் தாளித்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவது விளக்கு எரியவில்லை.

“பார்க்காமல் என்னத்துக்கு ஓம் எண்டனீர்?”

“எரியும்தானே எண்டு நினைச்சன்.”

“நினைக்கிறது வேற, பார்க்கிறது வேற. தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லும். இந்த ஓமாலதான் லொங்குய்யிலயும் பாதிக் கரைச்சல்.”

றஞ்சினி கரண்டியை ஒரு தரம் ஓங்கிப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். அவர் முனையை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். இந்த முறை அவளைக் கையோடு நிறுத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். எட்டும் எரிந்தன.

வயரைக் கொம்பியூட்டரின் பின்னால் கொழுவியபோது டிக் என்ற சத்தம் கேட்டது. பலர் இத்தோடு எழும்பிவிடுவார்கள். நகுலேஸ்வரன் எழும்பமாட்டார். கொம்பியூட்டருக்குள் வைஃபையை நிறுத்தாவிட்டால், அது பழைய பழக்கத்தில் காற்றையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். நிறுத்தினார். திரையின் மூலையில் விசிறிபோல் இருந்த அடையாளம் போய், வயர் முனையின் சின்னப் படம் வந்தது. வேகத்தைப் பார்த்தார். முன்பைவிட இருபது மடங்கு.

மணி பத்து. கொக்குவிலில் மாலை ஏழரை. அக்காவோடு கதைத்து ஐந்து கிழமையாகிவிட்டது. வயர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யாரையாவது கூப்பிட்டுத்தானே பார்க்க வேண்டும் என்று தனக்குத் தானே சாட்டுச் சொல்லிக்கொண்டு அழுத்தினார்.

அக்கா திரையில் வந்தார். அவருடைய நெற்றியில் திருநீறு இரண்டு கோடாகப் பிரிந்திருந்தது, சேலைக் கரையில் நூல் ஒன்று பிரிந்து தொங்கியது, பின்னால் சீலிங் ஃபான் சுற்றியது. எல்லாம் தெரிந்தது. அக்கா வீட்டில் இரண்டு வருடத்துக்கு முன்பே நல்ல லைன் போட்டாயிற்று. பழுது எப்போதும் மொன்றியல் பக்கம்தான்.

“என்னடா தம்பி, இண்டைக்கு உன்ர முகம் இவ்வளவு வடிவாத் தெரியுது? தலையெல்லாம் நரைச்சுப்போச்சு!”

“வயர் போட்டனான் அக்கா.”

“அதைப் போட இவ்வளவு காலமே?”

அக்காவின் கழுத்து எலும்பு இரண்டும் எடுபட்டுத் தெரிந்தன. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மங்கலாகத் தெரிந்த காலத்தில் அக்கா அப்படியேதான் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

“மெலிஞ்சு போனியள்.”

“மெலிஞ்சு கனநாள். உனக்கு இப்பதான் தெரியுது.” அக்கா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். “உனக்குப் பின்னால என்ன அது, கட்டிலே?”

நகுலேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். தனக்குத் தெரியாத கட்டில்போலப் பார்த்தார்.

“ஓம்.”

“இவ்வளவு நாளும் வெள்ளைச் சுவரெண்டெல்லே நினைச்சனான். ஆர் படுக்கிறது? பிளாஸ்ரிக்கும் கழட்டேல்லை. மேல பிள்ளையார் வேற.”

அனோஜினியின் கட்டில் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ரோசமும் அதைத்தான் சொல்லச் சொன்னது. ஆனால் அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்தபடி அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“உங்களுக்கு வாங்கினது அக்கா.”

அக்கா அசையவில்லை. படம் நின்றுவிட்டது என்று நினைத்து, நகுலேஸ்வரன் பழக்கத்தில் திரையின் மூலையைப் பார்த்தார். வயர் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது.

“எப்ப வாங்கினது?”

“போன வருசம் தை மாசம். உங்களுக்கு விசா வந்த உடன.”

“தை மாசமே வாங்கி வைச்சனீயோ? அப்ப ஏன் தம்பி மாசியில வரவேண்டாம் எண்டனீ?”

“நானோ? நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?”

“சிவராத்திரிக்கு முதல் வந்த சனிக்கிழமை. எனக்கு நல்லா ஞாபகம். நீங்கள் மூண்டு பேரும் வேலைக்குப் போற ஆக்கள், பகலில ஒருத்தரும் வீட்டில நிக்கமாட்டியள், எனக்கும் முழங்கால் ஏலாது. உங்களுக்குக் கரைச்சல் எண்டால் இந்தப் பயணத்தை விடட்டே எண்டு கேட்டனான். நீ ஓம் ஓம் எண்டனீ. ரெண்டு தரம் எண்டனீ.”

நகுலேஸ்வரனுக்கு அந்தச் சனிக்கிழமை அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கும் படம் நின்று நின்றுதான் வந்தது. அக்கா ஏதோ நீளமாகச் சொன்னார். பகல் என்று கேட்டது, முழங்கால் என்று கேட்டது. பிறகு கொரகொரவென்று ஒரு சத்தம். கடைசியில் “…ட்டே?” என்றது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. அக்கா கதையை முடிக்கும்போதெல்லாம் “வைக்கட்டே?” என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பார். முப்பத்தேழு வருடமாகக் கேட்கிற கேள்வி, முப்பத்தேழு வருடமாகச் சொல்கிற பதில். ஓம் ஓம் அக்கா.

விடட்டே என்று கேட்டிருக்கிறார்.

“எனக்குக் கேக்கேல்லை அக்கா. சத்தியமாக் கேக்கேல்லை. வைக்கட்டே எண்டு கேக்கிறியள் எண்டு நினைச்சுத்தான் ஓம் எண்டனான்.”

“கேக்காட்டித் திருப்பிக் கேக்கிறதுதானே?”

“திருப்பிக் கேட்டால், லைன் சரியில்லை எண்டு நீங்கள் உடன வைச்சிடுவியள். இன்னும் கொஞ்ச நேரம் கதைக்கலாம் எண்டுதான் எல்லாத்துக்கும் ஓம், ஓம் எண்டு…”

வேலையில் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற சக தொழிலாளி கத்தரினோடு நாள் முழுக்கப் போனில் கத்துகிறவர் அவர். ஒரு எண் சரியாகக் கேட்காவிட்டாலும் “ரெப்பெத்”, திருப்பிச் சொல் என்பார், மூன்று தரமும் சொல்ல வைப்பார். கத்தரின் அவருக்கு ரெப்பெத் என்றே பட்டப்பெயர் வைத்திருந்தாள். எவனோ ஒருவனுடைய அலுவலகத்து வயருக்கு அவ்வளவு கவனம். வளர்த்த அக்கா வாய் திறந்து கேட்டதற்கு, பார்க்காமல் கேட்காமல் ஓம். காலையில் றஞ்சினியை ஏசியது நினைவுக்கு வந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. வைஃபையின் தலையில் பழியைப் போடலாம். ஆனால் “விளங்கேல்லை” என்று சொல்வதற்கு எந்த வயரும் தேவையில்லை. பிறகாவது ஏன் என்று கேட்பதற்குப் பதினாலு மாதம் இருந்தது.

“விசரா” என்றார் அக்கா. “நானும் ஒரு விசரி. தம்பி இப்பிடிச் சொல்லுவானோ எண்டு ஒருக்கா யோசிச்சிருக்க வேணும்.”

“அக்கா, விசா பத்து வருசத்துக்குத் தந்ததெல்லோ. இப்ப வாங்கோ. நான் நாளைக்கே…”

“இனி எங்க தம்பி. கார்த்திகையில நெஞ்சு நொந்து ஆஸ்பத்திரியில ஒம்பது நாள் கிடந்தனான். இனிப் பிளேன் ஏறக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லுறது? வரவேண்டாம் எண்ட பிள்ளைக்கு, இனி வரவும் ஏலாது எண்டு சொல்லுறதே?”

நகுலேஸ்வரன் அழுதார். சத்தம் போட்டு அழவில்லை, ஆனால் மறைக்கவும் முயலவில்லை. மறைத்தும் பிரயோசனமில்லை. இந்த வயரில் எல்லாம் தெரியும்.

“ஆவணியில லீவு எடுத்துக்கொண்டு நான் வாறன்” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“வா. உன்னைப் பார்க்க ஆசைதான்.” அக்கா கொஞ்சம் யோசித்தார். “நீ இருக்கிற வீட்டைத்தான் பார்க்கேலாமல் போச்சு. அந்தக் கமராவைத் திருப்பு, கட்டிலை வடிவாக் காட்டு.”

திரையோடு சேர்த்துத் திருப்பினார். அக்கா கம்பளியைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார், யன்னலுக்கு வெளியே இன்னும் கரையாமல் கிடந்த அழுக்குப் பனியைப் பார்த்து அதுவும் பனிதானா என்று கேட்டார்.

“குசினியையும் காட்டன்.”

வயரை ஒரு சாண் மிச்சம் விடாமல் வெட்டியிருந்தார். கொம்பியூட்டர் மேசையை விட்டு அசையாது.

“இது நகராது அக்கா. பேந்து போனில…” என்று தொடங்கியவர், அந்தச் சொல்லை அப்படியே விழுங்கினார். “நாளைக்குக் காலமை பத்து மணிக்குப் போனில காட்டுறன். றஞ்சினி தேத்தண்ணி போடேக்கை.”

“சரி. எனக்கெண்டு வைச்ச அறை இதுதானே. இதைப் பார்த்திட்டன்.” அக்கா மூக்கை உறிஞ்சினார். “அந்தப் பிளாஸ்ரிக்கைக் கழட்டடா. பிள்ளை படுக்கட்டும். புதுக் கட்டிலை இப்பிடிப் போட்டு வைக்கிறதே?”

அவர் எழும்பிப் போய் மெத்தையின் ஒரு மூலையில் பிடித்து இழுத்தார். உறை சரசரவென்று கிழிந்து வந்தது. சத்தம் கேட்டு றஞ்சினி வாசலில் வந்து நின்றாள். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு மற்ற மூலையைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து உறையைக் கழற்றிக் கம்பளியை விரித்தார்கள். அக்கா கொக்குவிலில் இருந்தபடி தலைமாட்டுப் பக்கம் சுருக்கு நிற்கிறது என்று சொல்லி அதையும் நீவ வைத்தார்.

நகுலேஸ்வரன் வந்து திரையைத் தன் பக்கம் திருப்பிவிட்டுக் கதிரையில் இருந்தார். அக்கா களைத்துப்போயிருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

“சரி தம்பி. வைக்கட்டே?”

வை, க், க, ட், டே. ஒவ்வொரு எழுத்தும் முழுதாக, பக்கத்தில் இருந்து சொன்னதுபோல வந்து விழுந்தது. முப்பத்தேழு வருடத்துப் பதில் வாய்க்குள் தயாராக இருந்தது.

“விளங்கேல்லை அக்கா” என்றார். “திருப்பிச் சொல்லுங்கோ.”

அக்கா அவரைப் பார்த்தார். வாழ்நாளில் எதையும் இரண்டாம் தரம் கேட்டறியாத மனுசி.

“வைக்கட்டே எண்டு கேட்டனான்.”

“வேண்டாம்” என்றார் நகுலேஸ்வரன்.